பின்பனிப் பூக்கள்

(சங்கத்தின் மகளிர் பிரிவு டேராடூனில் நடத்திய பங்குனி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"மாமி, உங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். தோட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மணி அடித்தால் உட்கார்ந்து விடுகிறேன் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தப் பங்குனி மாதத்தில் ஆத்தில் பூஜை செய்யும்போது சங்கல்பத்தில் எந்த ருதுவைச் சொல்கிறோம்? வெளியே பூவாகப் பூத்துக் கிடக்கிறதே, வசந்த ருதுதானே என்று தோன்றும். இல்லை. மாசியும் பங்குனியும் சிசிர ருது. தமிழில் அழகாகப் பின்பனிக் காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சித்திரை பிறந்தால்தான் வசந்தம், இளவேனில். பட்டணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது வெறும் பாடமாகத்தான் இருந்தது. பங்குனியில் மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு "சிசிர ருதௌ" என்று சொல்லுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது முக்தேஸ்வரில்.

முக்தேஸ்வர் நைனிடால் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,290 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மலை உச்சியில் சிவன் கோயில், வடக்கே பார்த்தால் நந்தாதேவியும் திரிசூலும். 1893 முதல் அங்கே கால்நடை ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. என் கணவருக்கு அங்கே வேலை. 1983-ல் போய்ப் பத்து வருஷம் இருந்தோம். இன்றைய உத்தராகண்ட் அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்தது.

குவார்ட்டர்ஸைச் சுற்றி இரண்டு படிக்கட்டு நிலம். மேல் படியில் ஒரு பிளம் மரம், ஒரு சின்ன பீச் மரம். வேலி ஓரமாக டாஃபடில், நர்கிஸ், பான்ஸி. கீழ்ப் படியில் முள்ளங்கி, பட்டாணி, கொத்தமல்லி. பிளம் மரம் பூக்கும்போது அதில் ஒரு இலைகூட இருக்காது. நேற்று வரை வெறும் குச்சியாக நின்றது, ஒரு வாரத்தில் மல்லிகைப் பந்தலைப் போட்டு மூடினாற்போல வெள்ளையாகிவிடும். பீச் பூ இளஞ்சிவப்பு. பக்கத்துக் காட்டில் புரான்ஸ் என்கிற ரோடோடென்ட்ரான் ரத்தச் சிவப்பில் பூக்கும். நம் நீலகிரியில் இருப்பதும் அதே ஜாதிதான். மலைச் சரிவுப் பாறை இடுக்கெல்லாம் ப்யோலி என்று ஒரு மஞ்சள் பூ. கட்வாலில் அதையே ஃப்யூன்லி என்பார்கள்.

அந்த ப்யோலிக்கு ஒரு கதை சொல்லுவார்கள். மலையில் வளர்ந்த ஒரு பெண்ணைச் சமவெளி தேசத்து ராஜகுமாரன் கல்யாணம் செய்துகொண்டு போனானாம். பிறந்த மலையை நினைத்து ஏங்கியே அவள் இளைத்துப் போய்விட்டாளாம். மலையிலேயே அவளைப் புதைத்த இடத்தில் இந்த மஞ்சள் பூ முளைத்ததாம். ஊர்விட்டு ஊர் வாழ்க்கைப்பட்ட நமக்கெல்லாம் இந்தக் கதையைத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டாம்.

நமக்குக் காரடையான் நோன்பு வரும் அதே சங்கராந்தியில், அதாவது மார்ச் 14-ம் தேதியை ஒட்டி, அந்த மலைக்காரர்களுக்கு ஃபூல்தேயி என்று பண்டிகை. குழந்தைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், விடியற்காலையில் எழுந்து புதிதாகப் பூத்த பூக்களைக் கூடையில் பறித்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வாசற்படியில் பூவும் அரிசியும் தூவி, இந்த வீடு நன்றாக இருக்கட்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் வெல்லம், அரிசி, காசு கொடுத்து அனுப்புவார்கள். ஊருக்கே ஆசீர்வாதம் செய்கிற அதிகாரம் அன்று குழந்தைகள் கையில்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். 1987-ல் ஃபூல்தேயி அன்று விடியற்காலையில் தோட்டத்தில் சத்தம் கேட்டு வெளியே போனேன். மூன்று பெண் குழந்தைகள் என் பிளம் கிளையை வளைத்துப் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "ஒவ்வொரு பூவும் ஒரு பழம், தெரியுமா? பழத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அன்று ஊரில் எல்லா வாசற்படியிலும் பூ இருந்தது, எங்கள் படியைத் தவிர. எதிர்வீட்டு அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "இன்று ஒரு நாள் மட்டும் குழந்தைகளை யாரும் கோபிக்க மாட்டோம், பஹன்ஜி."

அந்த வருஷம் பழம் ஏராளமாக வந்ததா என்று கேட்டால், இல்லை. காய் பிடித்த பிறகு ஆலங்கட்டி மழை பெய்து பாதியைத் தட்டிவிட்டது. நான் கணக்குப் பார்த்த பூக்கள் எல்லாம் கணக்கிலேயே நின்றன.

எங்களோடு என் மாமியாரும் இருந்தார். திருக்கோவிலூர்ப் பெண். 1965-ல் மாமனார் காலமானதிலிருந்து தலையில் பூ இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை. ஆனால் பூவென்றால் அவருக்கு உயிர். சுவாமிக்குத் தினம் அவர்தான் தொடுத்துப் போடுவார். நோன்பன்று மட்டும் சுமங்கலிகள் சரடு கட்டிக்கொண்டு முடியும்வரை தன் அறையை விட்டு வரமாட்டார். யாரும் சொல்லவில்லை. அவரே அப்படிப் பழக்கப்படுத்திக்கொண்டிருந்தார். நானும் "வாருங்கள் அம்மா" என்று ஒரு வருஷம்கூடக் கூப்பிட்டதில்லை.

அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரை "ஆமா" என்று கூப்பிடுவார்கள். குமாவோனியில் ஆமா என்றால் பாட்டி. புதிதாக வந்தபோது இவருக்குப் புரியவில்லை. "இந்த ஊர்க் குழந்தைகள் தங்கக் கட்டிடி. நான் எது சொன்னாலும் ஆமா ஆமாங்கறதுகள்" என்று சந்தோஷப்பட்டார்!

1988-ம் வருஷம் பிப்ரவரியில் பனியே விழவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பிளம், பீச் மாதிரி மரங்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. 7 டிகிரிக்குக் குறைவான குளிர் இத்தனை மணி நேரம் பட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கு தீர்ந்த பிறகு நாலு நாள் வெயில் கிடைத்தால் போதும், கண்ணைத் திறந்துவிடும். அந்த வருஷம் மார்ச் முதல் வாரமே எங்கள் பிளம் முழுக்கப் பூத்துவிட்டது. தேனீக்கள் மொய்த்தன. நானும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பூவைப் பார்க்கவில்லை. ஜாம் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, 12 இரண்டு நாளும் மேகமும் மழையும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கேயிருந்து வருகிற மேகக் கூட்டம் அது. வடக்கே குளிர்கால மழை அதனால்தான். 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை மேகம் கலைந்து ஆகாயம் துடைத்தாற்போல ஆகிவிட்டது. பனிச் சிகரங்கள் அத்தனையும் தெரிந்தன. நான் சந்தோஷப்பட்டேன். ஆராய்ச்சிக் கூடத்து சௌகிதாரை நாங்கள் தாஜூ என்று கூப்பிடுவோம், அண்ணா என்று அர்த்தம். அவர் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "பாலா." பாலா என்றால் அங்கே உறைபனி.

மேகம் ராத்திரியில் பூமிக்குப் போர்வை. பகலில் பூமி வாங்கி வைத்த சூட்டை அது மேலே போகவிடாது. ஆகாயம் சுத்தமாக இருந்து, காற்றும் அசையாமல் நின்றால் அந்தச் சூடு முழுக்க மேலே போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போய், தண்ணீர் மாதிரி சரிவில் கீழே வழியும். பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். முழுதாக மலர்ந்த பிளம் பூ ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் பத்தில் ஒன்று போகும். மைனஸ் 4, 5 என்று இறங்கினால் பத்தில் ஒன்பது போகும். மூடிய மொட்டு இதைவிட அதிகம் தாங்கும். திறந்த பூவுக்குத்தான் ஆபத்து.

தாஜூ சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். முதலில் வெயில் இருக்கும்போதே வேரடி மண்ணை நன்றாக நனைத்தோம். ஈர மண் சூட்டை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டிகளைச் சுவர் ஓரம் நகர்த்தினோம். பிறகு போர்வைக்கு வேட்டை ஆரம்பித்தது. என் கணவரின் பழைய எட்டு முழம் வேஷ்டிகள் இரண்டு, ஒரு கொசுவலை. போதவில்லை. மாமியார் உள்ளே போய்த் தன் பழைய ஒன்பது கஜம் நூல் புடவைகள் மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "மடியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். மரத்துக்குக் கட்டு" என்றார்.

பீச் மரம் சின்னது. ஒரே புடவையில் தரைவரை மூடிவிட்டோம். பிளம் பெரிய மரம். கீழ்க் கிளைகளை மட்டும் மூட முடிந்தது. உச்சியை என்ன செய்வது?

"மூட முடியாததை வெட்டி உள்ளே கொண்டுவந்துடு" என்றார் மாமியார்.

எனக்கு மனசு வரவில்லை. "பனி விழாமலே போகலாம் அம்மா. விழுந்தாலும் நாலு பூவாவது தப்பிக்கும். வெட்டிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்றேன்.

"நாளைக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே."

"அவர்கள் நம் ஆத்துக்கு வரமாட்டார்கள் அம்மா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போன வருஷம் நம்ம வாசப்படி வெறிச்சுனு கிடந்தது. அறைக்குள்ளேருந்து பார்த்துண்டுதான் இருந்தேன். நான் இன்னும் எத்தனை ஃபூல்தேயி பார்க்கப் போறேன், சொல்லு."

அதற்கு மேல் என்ன பேசுவது? என் கணவர் ஏணியில் ஏறி, எட்டின மட்டும் மேல் கிளைகளில் சின்னக் கொப்புகளாக வெட்டிப் போட்டார். எல்லாவற்றையும் வெட்ட நான் விடவில்லை. என் பேராசைக்கும் கொஞ்சம் விட்டு வைத்தேன். பக்கெட், பித்தளைக் குண்டான், தவலை என்று வீட்டிலிருந்த பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கொப்புகளை நிற்க வைத்தோம். அந்தச் சின்ன ரேழி கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வாசனை வீடு முழுக்க. அந்த ராத்திரிதான், ஐந்து வருஷமாகப் பூத்துக்கொண்டிருந்த மரத்தின் பூவை நான் முதல் தடவையாகப் பூவாகப் பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ். நடுவில் மஞ்சள் பொட்டு வைத்த கேசரங்கள். மாமியார் தூங்கப் போகவில்லை. அந்தக் கொப்புகளுக்கு நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடியற்காலையில் எழுந்தபோது கூரை, புல், வேலி எல்லாம் உப்பைத் தூவினாற்போல வெளுத்திருந்தது. வாசல் வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருந்தது. அந்த வருஷம் நோன்பும் விடியற்காலையில் வந்தது. காராமணி வேகத்தான் அந்த உயரத்தில் நேரமாகும். வெண்ணெய் உருகாமல் இருக்கத் தனியாகப் பிரார்த்திக்க வேண்டியதில்லை! சரட்டின் நடுவில் கட்ட ஒரு பூ வேண்டுமே, முதல் நாள் வெட்டிய பிளம் பூவைத்தான் வைத்துக் கட்டிக்கொண்டேன். மாமியார் வழக்கம்போல அறைக்குள் இருந்தார்.

அப்போது வெளியே குழந்தைகள் குரல். போன வருஷத்துப் பெண்கள் மூவரும் அதில் இருந்தார்கள். வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். என்னைப் பார்த்துப் பயம். அவர்கள் கூடையில் பாதிதான் பூ. காட்டில் பூத்ததெல்லாம் ராத்திரி கருகிவிட்டது. எனக்கு அவர்களைக் கூப்பிட வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அறைக் கதவு திறந்தது. மாமியார் ஒரு பக்கெட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ரேழியைத் தாண்டி வாசற்படிக்கே வந்துவிட்டார். "ஆவோ, ஆவோ" என்றார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான். "ஆமா!" என்று குழந்தைகள் ஓடி வந்தார்கள். கூடைகளை நிரப்பிக்கொண்டார்கள். அவரை வாசற்படியில் நிற்க வைத்துவிட்டு, அவர் காலடியைச் சுற்றிப் பூவும் அரிசியும் தூவிப் பாடினார்கள். எல்லாரிலும் சின்னவள் ஒரு ப்யோலிப் பூவை அவர் உள்ளங்கையில் வைத்துக் கையை மூடினாள். நான் வெல்லமும் நோன்பு அடையும் கொண்டுவந்து கொடுத்தேன். போன வருஷம் திட்டினவள் கையிலிருந்து தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு மாமியார் சொன்னது: "வாசப்படிக்கு இதுகள் என்ன பேர் சொல்றது பார்த்தியா? தேயி, தேளிங்கறது. எங்க ஊர்ப் பெருமாள் பேரே தேஹளீசன். ரேழியில் ஆழ்வார்கள் மூணு பேரோட நெருக்கிண்டு நின்னவர். படியிலே நிக்கறவாளை அவர் என்னிக்கும் உள்ளே போன்னு சொன்னதில்லை." பிறகு அந்த ப்யோலியைச் சுவாமி படத்துக்கு வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வருஷத்திலிருந்து அவரை வாசலில் உட்கார வைத்து, அவருக்கு நமஸ்காரம் செய்த பிறகுதான் சரடு கட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் அப்படி நடந்தது. 1991 கடைசியில் அவர் காலமானார்.

மரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெயில் ஏறின பிறகு புடவைகளை எடுத்தோம். மூடின பூக்கள் பெரும்பாலும் தப்பின. உச்சியில் நான் விட்டு வைத்த பூக்களும் பார்வைக்கு வெள்ளையாகவே இருந்தன. "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்றேன். தாஜூ ஒரு பூவைப் பறித்துப் பிளந்து காட்டினார். உள்ளே சூல் கறுத்துவிட்டிருந்தது. இதழ் அழகாக இருந்தாலும் அது இனி காய்க்காது. நான் விட்டு வைத்தது யாருக்கும் ஆகவில்லை. வெட்டிக் கொடுத்தது ஊரில் எத்தனையோ வாசற்படியில் இருந்தது. அந்த வருஷம் கீழ்க் கிளைகளிலிருந்து ஒரு கூடைப் பழம் கிடைத்தது. டாஃபடில்கள் மட்டும் நமஸ்காரம் செய்வது மாதிரி தரையில் படுத்திருந்தன. பத்து மணிக்குள் எழுந்து நின்றுவிட்டன!

டெல்லி, சண்டீகர், சிம்லா, ஊட்டி என்று பனி விழும் இடங்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டாஃபடில், பான்ஸி, ப்ரிமுலா இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், லேசான பனியைத் தாங்கும். தக்காளி நாற்று, ஜெரேனியம், நஸ்டர்ஷியம், டேலியாத் துளிர் இவை தாங்காது. மூடுவதற்குப் பழைய நூல் துணியே நல்லது. பிளாஸ்டிக் இலையில் படுகிற இடம் கருகும். துணி தரைவரை தொங்க வேண்டும், மண்ணின் சூடு உள்ளே நிற்பதற்காக. தண்டோடு சேர்த்துக் குடை மாதிரி கட்டினால் பிரயோஜனம் இல்லை. வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சரிவின் கீழே சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் குளிர்காற்று வெளியேற ஒரு இடைவெளி விடுங்கள். பூக்கொப்பு வெட்டுவதானால் மொட்டும் பூவும் கலந்திருக்கும்போது வெட்டி, தண்ணீரில் வைத்துக் குளிர்ந்த அறையில் வையுங்கள். நாலைந்து நாள் இருக்கும்.

பங்குனியில் பனி விழுந்தால் காலம் தப்பி விழுந்தது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் பெரியவர்கள் வைத்த கணக்குப்படி அது சரியான காலத்தில்தான் வருகிறது. பூதான் முந்திக்கொண்டு வந்துவிட்டது. முந்தி வந்த பூவை மூட முடிந்தால் மூடுங்கள். மூட முடியாததை அன்றைக்கே பறித்து சுவாமிக்கு வையுங்கள், குழந்தைகளுக்குக் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நாளைக்கு என்று கிளையில் விட்டு வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன், பெரியவர்கள் க்ஷமிக்க வேண்டும். 2016-ல் என் கணவர் காலமானார். அடுத்த நோன்பன்று இதே டேராடூன் வீட்டில் நான் என் மாமியாரைப் போலவே அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பழக்கம் விடுமா? என் மாட்டுப்பெண் வந்து கையைப் பிடித்தாள். "முக்தேஸ்வர் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கேள். வாசலுக்கு வாங்கோ அம்மா" என்றாள். தோட்டத்துப் பிளம் மரத்தின் கடைசிப் பூக்கள் ஒரு தட்டில் தயாராக இருந்தன. தெருக் குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். நான் படியில் போய் நின்றேன்.

உங்கள் ஆத்திலும் அறைக்குள் யாராவது உட்கார்ந்திருந்தால், அடுத்த நோன்பு வரை காத்திருக்காமல், இன்றைக்கே போய்க் கூப்பிடுங்கள்.

செயலாளர் மணியை எடுத்துவிட்டார்.